இறகின் நிறமும் ஒளியின் நிறமும்

காட்டுப் பறவைகளின் ஒளிப்படங்களில் நிறத்தைத் திருத்தும் வேலை வண்ணப்படத்தோடு சேர்ந்து பிறந்ததாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் அதன் தொடக்கம் கறுப்பு வெள்ளைக் காலத்தில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடுகளில் பூசப்பட்ட வெள்ளி உப்புகள் நீல ஒளியையும் கண்ணுக்குப் புலப்படாத புறஊதா ஒளியையும் மட்டுமே நன்கு உணர்ந்ததால், மாங்குயிலின் பொன்மஞ்சள் உடல் ஏறத்தாழக் கரிய நிறத்திலும் மீன்கொத்தியின் நீல முதுகு வெளிறியும் பதிந்தன. 1873இல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், சில சாயங்களைக் கலந்தால் தகடு பச்சை ஒளியையும் உணரத் தொடங்கும் என்று கண்டறிந்தார். ரிச்சர்ட், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1895இல் பிரிட்டனின் பறவைக் கூடுகளைப் பற்றி முழுக்க ஒளிப்படங்களைக் கொண்டே ஒரு நூலை வெளியிட்டபோதும் சிவப்பை உணரும் தகடு கடைக்கு வந்திருக்கவில்லை. 1906இல்தான் இங்கிலாந்தின் ராட்டன் அண்ட் வெயின்ரைட் நிறுவனம் எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகளை விற்கத் தொடங்கியது. அவற்றோடு அது தயாரித்த நிற வடிகட்டிகளின் பெயரும் எண்களும், நிறுவனம் கோடாக் கைக்கு மாறிய பிறகும் நிலைத்துவிட்டன.

வண்ணப்படம் வந்ததும் சிக்கல் வேறு உருவம் எடுத்தது. ஒரு படம் முழுவதிலும் ஏதேனும் ஒரு நிறம் மிகுந்து, வெள்ளையும் சாம்பலும்கூட அந்நிறம் ஏறித் தோன்றுவதே நிறச்சாய்வு எனப்படுகிறது. மனிதக் கண் தான் இருக்கும் ஒளிக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதால் மரநிழலிலும் மாலை வெயிலிலும் வெள்ளை இறகு வெள்ளையாகவே தெரிகிறது. படச்சுருளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அலகில் அளப்பது வழக்கம்: நண்பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், இழையிட்ட மின்விளக்கு ஏறக்குறைய 3000 கெல்வின், வெயில் படாமல் நீல வானத்தின் ஒளி மட்டும் விழும் நிழலோ 8000 கெல்வினையும் தாண்டக்கூடும். எண் உயர உயர ஒளியில் நீலம் கூடுகிறது. காட்டின் உட்புறத்தில் இந்த அளவுகோலுக்கு அடங்காத இன்னொன்றும் சேர்கிறது. இலைகளின் ஊடே வடிந்தும் அவற்றில் பட்டுத் தெறித்தும் வரும் பச்சை, கூட்டிலிருக்கும் பறவையின் மார்பிலும் அடிவயிற்றிலும் படிந்துவிடுகிறது.

அப்படியானால் பறவையின் சரியான நிறம் எது என்று எதைக் கொண்டு தீர்மானிப்பது? பறவையியலாளர்களுக்கு இதற்கு ஆயத்தமான விடை ஒன்று இருந்தது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் பறவைத் தொகுப்பைப் பராமரித்த ராபர்ட் ரிட்ஜ்வே 1912இல் வெளியிட்ட நிறத்தர நூலில் 1,115 நிறங்கள் வில்லைகளாகப் பெயரிட்டு ஒட்டப்பட்டிருந்தன. பதப்படுத்திய பறவைத்தோலை அந்த வில்லைகளோடு வைத்து ஒப்பிட்டே இறகின் நிறம் பதிவாயிற்று. அருங்காட்சியக இழுப்பறையின் நடுநிலை ஒளியில் கண்ட நிறமே உண்மையானது என்ற எண்ணம் இவ்வாறு வேரூன்றியது. ஒளிப்படமும் அந்த அளவுகோலாலேயே நீண்ட காலம் மதிப்பிடப்பட்டது.

லூமியர் சகோதரர்கள் 1907இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோகுரோம் தகட்டில் சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்களே நிறங்களைப் பிரித்துக் காட்டின. தகட்டின் நீல மிகையை அடக்க லென்ஸில் ஆரஞ்சு மஞ்சள் வடிகட்டி கட்டாயமாக இருந்தது. அது ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டதால் நல்ல வெயிலிலும் ஒரு படம் பதிய ஒரு நொடியோ அதற்கு மேலோ தேவைப்பட்டது. கிளைவிட்டுக் கிளை தாவும் பறவைக்கு அது பயன்படாது. 1935இல் திரைப்படச் சுருளாகவும் மறு ஆண்டில் 35 மில்லிமீட்டர் சுருளாகவும் கோடாகுரோம் வந்த பின்னரே வண்ணப் பறவைப்படம் நடைமுறைக்கு வந்தது. அதைக் கழுவும் முறை மிகச் சிக்கலானது என்பதால் சுருள் கோடாக் ஆய்வகத்துக்கே திரும்பிப் போக வேண்டியிருந்தது. எனவே சாய்வைப் போக்க ஒளிப்படக் கலைஞருக்குக் கிடைத்த இடம், பட்டனை அழுத்துவதற்கு முந்தைய கணம் மட்டுமே. பகல் ஒளிக்கான சுருளை நிழலில் பயன்படுத்தினால் இளஞ்செம்மஞ்சள் வடிகட்டியும், விளக்கொளிக்கான சுருளை வெயிலில் பயன்படுத்தினால் அடர்ந்த ஆரஞ்சு வடிகட்டியும் மாட்ட வேண்டியிருந்தது.

இந்தக் கட்டுப்பாட்டை உடைத்தவர்களில் முதன்மையானவர் எலியட் போர்ட்டர். வேதியியலும் மருத்துவமும் பயின்று ஹார்வர்டில் கற்பித்துக்கொண்டிருந்த அவர், ஒளிப்படக் கலைஞர் ஆல்ஃப்ரட் ஸ்டீக்லிட்ஸ் தமது நியூயார்க் கூடத்தில் அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் காட்சிக்கு வைத்ததை அடுத்து 1939இல் ஆசிரியப் பணியை விட்டார். பறவைப் படங்களோடு அவர் அணுகிய பதிப்பாளர், இனங்களைப் பிரித்தறிய உதவாத கறுப்பு வெள்ளைப் படங்களால் நூலுக்குப் பயனில்லை என்று கூறவே, வண்ணத்துக்கு மாறினார். 1943இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய வண்ணப் பறவைப்படங்களுக்கென்றே ஒரு கண்காட்சியை நடத்தியது. கூட்டைச் சுற்றி அவர் ஃபிளாஷ் பல்புகளை நிறுத்தியது இருட்டைப் போக்குவதற்கு மட்டுமன்று. இலைப்பச்சையை அமுக்கும் வலிமை அந்த வெளிச்சத்துக்கு இருந்தது. பிற்பாடு அவர் கைக்கொண்ட சாயமாற்று அச்சுமுறையில், மூல வண்ணப்படத்தைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வழியே மூன்று கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஜெலட்டின் புடைப்புத் தாள் ஒன்றை உருவாக்கி, அவற்றை முறையே மயில்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள் சாயங்களில் ஊறவைத்து, ஒரே காகிதத்தின்மேல் இம்மி பிசகாமல் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டி அழுத்தினார்கள். சாயத்தொட்டியின் அமிலத்தன்மையைக் கூட்டிக் குறைத்தே ஒரு நிறத்தின் அழுத்தத்தைத் தனியாக மாற்ற முடிந்தது. இன்று கணினித் திரையில் சறுக்குக்கோலை நகர்த்திச் செய்யும் வேலை அன்று ஒரு நாள் முழுவதையும் விழுங்கியது. ஆனால் நிறத்தின் மீது அது தந்த ஆளுகை மிகப் பெரியது. அதே காலத்தில் தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன், கறுப்பு வெள்ளையை விடாமல் பற்றிக்கொண்டே இந்தியக் காட்டுயிர்களைப் படம் பிடித்துவந்தார் என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும்; வண்ணம் வந்ததும் எல்லோரும் அதன் பின்னால் போய்விடவில்லை.

திருத்துவதை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் முயற்சி 1940களில் கோடாக்கின் ரால்ஃப் எவன்ஸிடமிருந்து வந்தது. எந்தக் காட்சியிலும் உள்ள நிறங்களை எல்லாம் கலந்து சராசரி எடுத்தால் சாம்பல் வரும் என்று கொண்டு, அச்சு இயந்திரம் படத்தின் சராசரியைச் சாம்பலை நோக்கித் தள்ளிவிடலாம் என்பது அவருடைய கருத்து. குடும்பப் படங்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தியது. பறவைப் படத்துக்கோ இதைவிடப் பொருந்தாத விதி இருக்க முடியாது. படத்தின் பெரும்பரப்பும் நாணற்பச்சையாக இருந்து நடுவில் ஒரு கொக்கு நின்றால், இயந்திரம் அந்தப் பச்சையைச் சாய்வு என்று கருதிக் குறைக்கும், கொக்கு இளஞ்சிவப்பாகிவிடும். டிஜிட்டல் கேமராக்களின் தானியங்கி வெண்சமநிலை இந்தக் கருத்தின் வழித்தோன்றலே என்பதால் பழைய பிழையும் உடன்வந்தது. பதப்படுத்தாத தரவாகிய ரா கோப்பில் சமநிலையைப் பின்னர் மாற்றிக்கொள்ள முடிவதும், 2003இல் அடோபி வெளியிட்ட கேமரா ரா போன்ற மென்பொருள்களில் நடுநிலையான ஓரிடத்தைத் தொட்டுக்காட்டும் கருவி இருப்பதும் பெரிய விடுதலைதான். ஆயினும் கொக்கின் வெண்மார்பைத் தொடுவது எளிதில் ஏமாற்றும்: நீர்ச்செடிகளின் பச்சை தெறித்து விழும் இடம் அது, அதை நடுநிலை என்று காட்டினால், நேர்வெயில் படும் முதுகு கருஞ்சிவப்புப் பக்கம் சாய்கிறது. ஒரே உடலின்மேல் இரண்டு ஒளிகள் விழும்போது ஒரே திருத்தம் இரண்டுக்கும் பொருந்தாது.

இறகே தன் நிறத்தை மாற்றும் பறவைகள் இந்த விவாதத்தை மேலும் இறுக்கின. டூபாண்ட் நிறுவனத்தின் தலைவரும் வேதிப் பொறியாளருமான கிராஃபோர்ட் கிரீன்வால்ட், நொடியின் மிகச் சிறு பகுதியே நீடிக்கும் மின்னணு ஃபிளாஷ் விளக்குகளைக் கொண்டு ஹம்மிங்பேர்ட் எனப்படும் ஓசனிச்சிட்டுகளைப் படமெடுத்து 1960இல் நூலாக வெளியிட்டார். அவற்றின் தொண்டையில் மின்னும் நிறம் சாயப்பொருளால் வருவதன்று. காற்றறைகள் கொண்ட நுண்தகடுகளின் அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. பார்க்கும் கோணம் சற்று மாறினால் மாணிக்கச் சிவப்பு கரியாகிவிடும். இங்கே ரிட்ஜ்வேயின் வில்லைக்கோ, நடுநிலையைக் காட்டக் காட்சியில் வைக்கும் சாம்பல் அட்டைக்கோ வேலையே இல்லை. விளக்கை எங்கே வைத்தார் என்பதே நிறத்தைத் தீர்மானித்தது.

மனிதக் கண்ணையே அளவுகோலாகக் கொள்வதும் பின்னர் கேள்விக்கு உள்ளானது. பெரும்பாலான பறவைகளின் விழித்திரையில் நான்கு வகை நிறவுணரிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று ஊதா அல்லது புறஊதா ஒளிக்கு உரியது. ஐரோப்பாவின் நீலப் பட்டாணிக்குருவியில் ஆணும் பெண்ணும் மனிதருக்கு ஏறத்தாழ ஒரேபோலத் தெரிந்தாலும், ஆணின் உச்சி இறகுகள் புறஊதாவைக் கூடுதலாகத் திருப்புகின்றன என்று 1998இல் வெளியான ஆய்வுகள் காட்டின. வழக்கமான கேமராக்களின் உணரிக்கு முன்னுள்ள வடிகட்டி அந்த ஒளியைத் தடுத்துவிடுவதால், ஆய்வாளர்கள் இறகின் நிறத்தை ஒளிப்படத்திலிருந்து எடுக்காமல் நிறமாலைமானியால் நேரடியாக அளக்கிறார்கள், அல்லது புறஊதாவை விடும் லென்ஸ் பொருத்தி மாற்றியமைத்த கேமராக்களைப் பயன்படுத்துகிறார்கள்.