பச்சையும் அரக்கும்: ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் உடை வரலாறு

கற்பிட்டி மணற்பரப்பிலும் உடப்புக் கரையிலும் வெறுங்காலாற் பந்துதைத்துப் பழகியோர்க்குச் சப்பாத்து ஆட்டத்தின் இன்றியமையா உறுப்பாகத் தோன்றாது. 1889 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15 ஆம் நாள் கல்கத்தாவில் நிறுவப்பெற்ற மோகன் பாகான் கழகத்தார்க்கும் அஃது அவ்வாறே இருந்தது. அக்கழகத்தின் உடை வரலாற்றை நோக்குமிடத்து, மேற்சட்டையும் காற்சட்டையும் முதலிலும், சப்பாத்து நெடுங்காலங் கழித்தும், வணிகப் பெயர்கள் இறுதியிலும் வந்து சேர்ந்தமை புலனாகும். பச்சையும் அரக்குமாகிய நிறங்கள் மட்டும் நிலைத்து நின்றன. அந்நிறங்கள் யாருக்கு உரியன என்னும் வினாவே இவ்வரலாற்றின் உயிர்நாடி.

1911 ஆம் ஆண்டு யூலை 29 ஆம் நாள் இந்திய உதைபந்தாட்டச் சங்கக் கேடயத்தின் இறுதியாட்டம் நிகழ்ந்தது. எதிர்நின்றோர் ஈஸ்ட் யோக்சயர் படைப்பிரிவினர். அனைவரும் சப்பாத்தணிந்த ஆங்கிலப் போர்வீரர். மோகன் பாகான் வீரர் பதினொருவருள் சுதிர் சட்டர்ஜி ஒருவரே சப்பாத்தணிந்தார். முதற்கோலைப் படைவீரர் அடித்தனர். பின்னர் சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் அடித்த கோல்களால் வெற்றி 2-1 என வங்காளியர்க்கு வாய்த்தது. ஆள்வோரை ஆளப்படுவோர் வெறுங்காலால் வென்றனர் என்ற பெருமிதம் நாடெங்கும் பரவிற்று. அன்றுமுதல் சப்பாத்தின்மை ஒரு குறையாகவன்றி, ஒரு கொடியாகவே கருதப்படலாயிற்று.

பெருமிதம் சேற்றில் வழுக்காது காக்குமோ? கல்கத்தாவின் ஆட்டக்காலம் மழைக்காலமாகும். முகமதியர் ஸ்போட்டிங் கழகத்தார் ஈரத்தரையில் சப்பாத்தணிந்து ஆடத் தலைப்பட்டு, 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து கல்கத்தாச் சுற்றுப்போட்டியை வென்றனர். ஆயினும் பழைய வழக்கம் எளிதில் அகலவில்லை. 1948 இல் இலண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய இந்தியர் பிரான்சிடம் 1-2 எனத் தோற்றும் புகழ் பெற்றனர். 1952 இல் கெல்சிங்கியின் குளிரில் யூகோசுலாவியாவிடம் 1-10 எனத் தோற்றபோதோ புகழ்வாரில்லை. அதன்பின்னரே இந்தியாவிற் சப்பாத்துக் கட்டாயமாயிற்று. கொடியாகப் போற்றப்பெற்ற வழக்கம் ஈண்டு முடிவுற்றது.

நிறத்தின் கதை வேறு. 1920 இல் ஈஸ்ட் பெங்கால் கழகம் தோன்றியது. அதன் செம்பொன் நிறச் சட்டை, சௌரங்கியிலிருந்த ஒரு வெள்ளையர் கடையிற் கண்ணைக் கவர்ந்தமையால் தெரிந்தெடுக்கப்பட்டதென்பது அக்கழகத்தார் வழங்கும் செய்தி. தற்செயலாக வாய்த்த அச்சட்டையே, நாட்டுப் பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாய் வந்தோர்க்கு ஊரும் உறவும் ஆயிற்று. உணவினும் இப்பகைமை புகுந்தது: மோகன் பாகானுக்கு இறால், ஈஸ்ட் பெங்காலுக்கு இல்சா மீன். இறால் வளர்ப்பை நன்கறிந்த புத்தளம், சிலாபம் வாசகர் எப்பக்கம் சாய்வர் என்பது வெளிப்படை!

1998 இல் மதுபான நிறுவனமொன்று பங்கு கொண்டமையால் கழகப் பெயரின் முன் 'மக்டவல்' என்னும் சொல் ஏறியது. சட்டை விளம்பரப் பலகையாயிற்று. 2020 இல் ஏ.ரி.கே. கழகத்துடன் இணைப்பு நிகழ்ந்தபோது, புதிய உடைமையாளர் எண்பது விழுக்காடு பங்கு பெற்றும் நிறத்தைத் தொடவில்லை. பச்சையும் அரக்குமே தொடருமென அவ்வாண்டு யூலையில் அறிவித்தனர். பெயரை மட்டும் 'ஏ.ரி.கே. மோகன் பாகான்' என்றாக்கினர். அதனையும் அன்பர் பொறுத்திலர். அம்மூன்றெழுத்தை நீக்குமாறு மூன்றாண்டுகள் ஓயாது கிளர்ந்தனர். 2023 மார்ச் 18 அன்று கோவாவில் இந்தியன் சூப்பர் லீக் கிண்ணத்தை வென்ற இரவே, பெயர் மாறும் என உடைமையாளர் அறிவித்தார். மோகன் பாகான் சூப்பர் ஜயன்ற் என்னும் பெயர் அவ்வாறு வந்தது.

அவ்வாண்டு மே 20 அன்று அதே உடைமையாளரின் இலக்னோ கிரிக்கெட் குழு கல்கத்தா ஈடன் தோட்டத்தில் ஆட வந்தது. அன்று அக்குழுவினர் தம் வழமையான நீல உடையை நீக்கி, பச்சையும் அரக்கும் அணிந்தே களம் புகுந்தனர்.