கூவியர் மரபும் குமுளிக் கடைவீதியும்

சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, இலக்கியத்தில் வீரம், இலக்கியத்தில் காதல் ஆகிய துறைகளில் எழுதுவதற்குப் புலவர் பெருமக்கள் பலர் உளர் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்த்தேன். பகலெல்லாம் கோப்புகளோடு போராடும் நடுவண் அரசு எழுத்தன் யான். எனினும் நெடுநாளாக என் நெஞ்சில் கிடந்த செய்தி ஒன்று உண்டு. அது தெருவில் விற்கும் உணவைப் பற்றியது. இதையும் ஒரு வரலாறு என்று எழுதலாமா எனச் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கம் வருணிக்கப்படுகிறது. அங்கே யவனர் இருக்கையையும் பட்டும் மணியும் விற்கும் பெருவணிகர் வீதிகளையும் கூறிய அடிகளார், காழியரையும் கூவியரையும் விட்டுவிடவில்லை. காழியர் என்போர் பிட்டு விற்பவர். கூவியர் என்போர் அப்பம் சுட்டு விற்பவர். உரையாசிரியர் காட்டும் பொருள் இது. மதுரைக் காஞ்சியோ பகற்கடையாகிய நாளங்காடியையும் இராக்கடையாகிய அல்லங்காடியையும் அவற்றின் ஆரவாரத்தோடு நம் கண்முன் நிறுத்துகிறது. பெரும்பாணாற்றுப்படையில் உருத்திரங்கண்ணனார் ஓர் உவமை கூறுகிறார். வெல்லப் பாகொடு பிடித்து, இழை இழையாகச் சூழ்ந்த வட்டமான அப்பம் பாலிற் கிடக்கும் தோற்றத்தை அவர் காட்டுகிறார். அதைச் செய்தவரும் கூவியரே. அது இன்றைய இடியாப்பமேதான் என்று அடித்துக்கூற நான் துணியேன். ஆனால் தேங்காய்ப்பாலில் இடியாப்பம் உண்ட எவருக்கும் அவ்வுவமை விளங்கிவிடும்.

நம் குமுளிக்கு வருவோம். கண்ணகி மதுரையை நீங்கி மேற்றிசை நோக்கி வந்து ஏறிய மலை நமக்கு அணித்தானது என்பது நம்மவர் அனைவரும் அறிந்ததே. சித்திரைப் பௌர்ணமி அன்று மங்கலதேவி மலைக்கு இப்பக்கத்திலிருந்து ஜீப்பிலும், அப்பக்கத்துப் பளியங்குடியிலிருந்து கால்நடையாகவும் மக்கள் ஏறுகின்றனர். ஆயினும் ஊர் என்ற அளவில் குமுளியின் வரலாறு அவ்வளவு நீண்டதன்று. 1886ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே பெரியாற்று நீர் குறித்து 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. பென்னிகுயிக் துரையின் மேற்பார்வையில் 1895இல் அணை முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஏலக்காடுகளுக்கும், பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிமார் நம் மக்களை அழைத்து வந்தனர். 1956 நவம்பர் முதல் நாளன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, பீருமேடு வட்டம் கேரளத்தோடு நின்றுவிட்டது. 1972இல் இடுக்கி மாவட்டம் பிறந்தது. மலையிறங்கினால் தமிழகம், ஏறினால் கேரளம் என்ற நிலையில் நம் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன.

இந்த எல்லையை வரைபடத்தில் காண்பதைவிடக் கடைவீதியில் காண்பது எளிது. சோதனைச் சாவடிக்கு அப்பால் டீக்கடை, இப்பால் சாயாக்கடை. அங்கே பரோட்டாவுக்குச் சால்னா; இங்கே மாட்டிறைச்சிக் கறி. அங்கே வாழைக்காய் பஜ்ஜி. இங்கே கனிந்த நேந்திரம் பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி. அங்கே அகல் போன்ற குழிகளில் வெந்த பணியாரம். இங்கே குழாயில் அவிந்து உருளையாக வெளிவரும் புட்டும் கடலையும். பிட்டு என்று எழுதுவதா, புட்டு என்று சொல்வதா என்னும் வழக்கை மட்டும் இருபக்கத்தாரும் இன்னும் தீர்த்துக்கொள்ளவில்லை.

இவற்றுள் மரவள்ளிக் கிழங்கின் கதை சற்று விரித்துச் சொல்லத் தக்கது. நம் மலைக்கு அது உரிய பயிரன்று. தென் அமெரிக்காவில் தோன்றிப் போர்த்துக்கீசியர் வழியே கடல் கடந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராசா, ஏழைகளின் பசிக்கு மருந்தாகும் என்று அதன் பயிரீட்டை வளர்த்தார். ஆயினும் அது நம் மக்களின் அன்றாட உணவானது 1942இல்தான். அக்காலத்தில் திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியின் பெரும்பகுதியை வெளியிலிருந்தே, அதிலும் சிறப்பாகப் பர்மாவிலிருந்தே பெற்று வந்தது. 1942 மார்ச்சில் இரங்கூன் சப்பானியர் கையில் வீழ்ந்தது. கப்பல் நின்றது, அரிசி நின்றது. பங்கீட்டு அரிசி அடுப்பு மூட்டக் காணாத அந்த ஆண்டுகளில் மலைநாட்டு மக்களைக் காத்தது கப்பைக் கிழங்கே. தோலுரித்துத் துண்டாக்கி, வேகவைத்த நீரை இறுத்துக் கொட்டிவிட வேண்டும். இல்லையேல் கசப்பு இனங்களில் உள்ள நஞ்சு உயிருக்கே தீங்காகும். மழைக்காலத்துக்கென்று அரைவேக்காட்டில் எடுத்து வெயிலில் உலர்த்தி வைப்பது வாட்டுக்கப்பை. என் பாட்டி அப்போது தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். நான்கு ஆண்டுகள் நாளுக்கு இருவேளை அதையே உண்டதாகச் சொல்லுவார். பஞ்சத்தில் வயிற்றை நிரப்பிய அதே கிழங்குதான், இன்று தேக்கடிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் மீன் கறியோடு விரும்பிக் கேட்டு உண்ணும் பண்டமாகிவிட்டது.

இனி என் சொந்தக் கதை சிறிது. வாசகர் பொறுத்தருள்க. என் தந்தையார் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வந்தவர். என் தாயார் விடியற்காலையில், பனி விலகுமுன், பேருந்து நிற்கும் இடத்தருகே பணியாரமும் சுக்குக் காப்பியும் விற்றார். அந்த வருமானத்தில்தான் நான் பி.ஏ. வரை படித்தேன். பள்ளியில் ஓர் ஆண்டு விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதினேன். உடன் பயிலும் பிள்ளைகள் பணியாரக்காரி மகன் என்று அழைத்துவிடுவார்களே என்ற அச்சம். அவ்வாண்டில்தான் தமிழாசிரியர் திருவிளையாடற் புராணத்தில் வந்தியின் கதையை நடத்தினார். பிட்டு விற்ற கிழவியின் பங்கு மண்ணை இறைவனே கூலியாளாக வந்து சுமந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கி உண்டு, பாண்டியனிடம் பிரம்படியும் பட்ட கதை. வகுப்பில் அதை நான் உரக்க, பிழையின்றி ஒப்பித்து ஆசிரியரின் பாராட்டும் பெற்றேன். இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை. அவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் அறிவு எனக்கு அன்று இல்லை.

2019ஆம் ஆண்டில் என் மனைவியின் தமையன் அழைக்க, விடுப்பு எடுத்துக்கொண்டு பினாங்குத் தீவுக்குச் சென்றுவந்தேன். கெடா நாட்டுச் சுல்தானிடமிருந்து பிரான்சிசு லைட் என்பவர் பெற்று 1786இல் நிறுவிய துறைமுக நகரம் அங்குள்ள ஜார்ஜ் டவுன். கெடா என்பதே நம் கடாரம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவில் குவிந்த பொருள்களைச் சொல்லுமிடத்தில் ஈழத்திலிருந்து வந்த உணவும் காழகத்திலிருந்து வந்த செல்வமும் குறிக்கப்படுகின்றன. காழகம் என்பது கடாரம் என்று நச்சினார்க்கினியர் உரை கூறுகிறார். 1025இல் இராசேந்திர சோழன் கடாரம் கொண்டதை நாம் பெருமையோடு பேசுகிறோம். அவன் படை திரும்பிவிட்டது. பின்னர் மரக்கலத்திலும், அதற்கும் பின்னர் நாகப்பட்டினத்தில் ஏறிய ‘ரஜுலா’ கப்பலின் அடித்தட்டிலும் சென்றவர்கள் திரும்பாமல் தங்கினர். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்ததும் கங்காணி முறையே. பீருமேட்டுக்கு நடந்து வந்தவனும் பினாங்குக்குக் கப்பலேறியவனும் ஒரே சீமையில் பிறந்து, ஒரே விதமான கங்காணியின் சொல்லை நம்பிப் புறப்பட்டவர்கள்தாம்.

அந்நகரின் பழைய தெருக்களில் மாலை ஆறு மணிக்குமேல் நடந்தேன். சூலியா தெரு என்றொரு தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து சென்றோரைச் சூலியர் என்று அழைத்த வழக்கால் வந்த பெயர் அது. அருகே 1801இல் தமிழ் முசுலிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல்; சற்றுத் தொலைவில் 1833ஆம் ஆண்டின் மாரியம்மன் கோயில். சட்டுவத்தால் தட்டும் ஓசை, எண்ணெய்ப் புகை, கூட்டம். ‘நாசி கண்டார்’ என்னும் சோறு அந்நகருக்கே உரிய புகழ் பெற்றது. நாசி என்றால் மலாய் மொழியில் சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் தண்டு. நம் தமிழ் முசுலிம் பெரியோர்கள் தண்டின் ஒரு தலையில் சோற்றையும் மறுதலையில் குழம்பையும் காவடிபோல் தூக்கிக்கொண்டு, துறைமுகத் தொழிலாளிகளைத் தேடி நடந்து விற்றதால் வந்த பெயர். இன்று தண்டு இல்லை, பெயர் நிற்கிறது. நம் பரோட்டா அங்கே ‘ரொட்டி சானாய்’. நம் ஆப்பம் அங்கே ‘அப்பம்’ என்றும் ‘அப்போம்’ என்றும் வழங்குகிறது. நம் இடியாப்பமோ ‘புத்து மாயம்’ என்ற பெயர் பூண்டு, தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் தூவப்பெற்று வருகிறது. பெயரில் புட்டும் வந்து புகுந்துவிட்டது! அதைக் கையில் வாங்கியபோது உருத்திரங்கண்ணனாரின் உவமை நினைவுக்கு வந்தது.

மற்றொன்றும் கண்டேன். ஆப்பம் சுடும் வண்டியின் முன் சீனரும் மலாய்க்காரரும் வெள்ளையரும் வரிசையில் நின்றனர். 2008இல் அந்நகரையும் மலாக்காவையும் ஐக்கிய நாடுகளின் யுனெசுகோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. கட்டடங்களுக்கே அப்பெருமை என்று நாம் எண்ணலாம். அங்குள்ளவர்கள் அடுப்புகளையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். வண்டிக்காரர் தமக்கு முன் தம் தந்தை, தந்தைக்கு முன் பாட்டனார் அதே தெருவில் ஆப்பம் சுட்டதாகச் சற்று உரத்த குரலிலேயே சொன்னார். நான் எழுதிய அந்த விண்ணப்பத்தாள் அப்போது என் கண்முன் வந்தது. வாங்கிய ஆப்பத்தை உடனே உண்ண இயலவில்லை.

உறவினர் வீட்டில் தொண்ணூறு வயதைத் தொட்ட பெரியவர் ஒருவர் இருந்தார். சப்பானியர் ஆண்டபோது சிறுவர். மலாயாவிலும் பர்மா, சயாம் அரிசி வருவது அற்றுப்போய் மக்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்தனராம். சயாம் மரண இரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்ட தமிழர்களுள் அவருடைய தாய்மாமனும் ஒருவர், திரும்பவில்லை. நம் ஊரில் மீனோடு கிழங்கை விரும்பி உண்கிறார்கள் என்று நான் சொன்னபோது அவர் முகம் சுளித்து, “அந்தக் கிழங்க மட்டும் என் முன்னால எடுக்காதீங்க தம்பி” என்றார். ஒரே ஆண்டுகளில், கடலுக்கு இருபுறமும், ஒரே கிழங்கு. என் பாட்டி அதை நன்றியோடு நினைத்தார். அவரால் அதன் பெயரையும் கேட்க முடியவில்லை. என் பாட்டிக்கு அக்காலத்தில் கிழங்கேனும் கிடைத்தது, உடன் இருந்தவரும் எஞ்சினர். அவருக்கோ மாமன் எஞ்சவில்லை. வேறுபாடு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கடைவீதி உணவுகளுள் எவை நம்முடையவை, எவை பிறருடையவை என்று வழக்காடுவோரை நான் அறிவேன். ஆப்பம் சேரநாட்டினதா தமிழ்நாட்டினதா என்று எல்லைக் கோட்டருகே நின்று பேசுவதில் பொருளில்லை. கூவியர் வாழ்ந்த காலத்தில் அந்தக் கோடு இல்லை. என் கவலை வேறு. நம் கடைவீதியில் பணியாரக் கல்லோடு அமர்ந்திருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போகின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் என்னைப்போல் அலுவலகத்துக்குச் சென்றுவிட்டார்கள். அதைத் தவறு என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் எந்த அரிசியை எத்தனை பங்கு உளுந்தோடு எவ்வளவு நேரம் ஊறவைத்தார்கள், மலைக்குளிரில் மாவு புளிக்க என்ன செய்தார்கள் என்பதையாவது நம் சங்கம் கேட்டு எழுதி வைக்கலாம். என் தாயார் மாவுப் பானையை அடுப்படியில் சாம்பற் சூட்டருகே வைத்துச் சாக்கால் மூடுவார். கம்பத்தில் அது வேண்டியதில்லை, குமுளியில் வேண்டும். மலையேறி வந்த ஒருத்தி தானே கண்டுபிடித்த வழி அது. எந்த நூலிலும் இல்லை.

பினாங்கிலிருந்து திரும்பி வந்த அன்று தாயாரின் அருகே அமர்ந்து எல்லாவற்றையும் விவரித்தேன். மருவூர்ப்பாக்கத்துக் கூவியரிலிருந்து தொடங்கினேன். பள்ளி விண்ணப்பத்தில் எழுதியதையும் முதன்முறையாகச் சொன்னேன். அதற்கு அவர், “அது அப்பவே தெரியும்ப்பா. வாத்தியாரு நம்ம கடைக்குத்தான காப்பிக்கு வருவாரு” என்றார். பிறகு அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

“அங்கன ஒரு ஆப்பம் என்ன வெலைக்கு விக்கிறாக?”

விலையை நம் ரூபாயாக மாற்றிச் சொன்னேன். சற்று நேரம் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.

“தேங்கா வெலை அங்க கூடவோ?”