தேயிலைக் கணக்கிற் சேதம்

1867இல் ஜேம்ஸ் தெயிலர் கண்டியை அடுத்த லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, நுவரெலியாச் சரிவுகளும் தேயிலைத் தோட்டங்களாயின. 1883இற் கொழும்பு ஏலம் தொடங்கியபின் தேயிலை தொகுதி தொகுதியாக விலைப்பட்டது.

ஏறத்தாழ நான்கரை இறாத்தற் பச்சைக் கொழுந்து வாடி உலர்ந்தே ஓர் இறாத்தற் தேயிலையாகின்றது. தவிர்க்கவியலாத இவ்விழப்பை நல்ல தேயிலையின் கிரயத்திற் சேர்ப்பதே முறை. கவனக்குறைவாற் கருகிய தேயிலையின் சேதமும், ஈரமேறியதை மீண்டும் உலர்த்தும் செலவும் அவ்வாறல்ல. அவை இலாபநட்டக் கணக்கிற்கே உரியன.

ஆயின், தோட்டங்களில் மூன்றாவதொரு வழியும் வழங்கிற்று. கொழுந்து நிறுக்கையில் ஈரத்திற்கும் கூடைக்கும் முற்றிய இலைக்குமென இறாத்தல்கள் கழிக்கப்பட்டன. மெய்யான ஈரத்தைக் கழித்தல் அளவை நேர்மையே. அளந்தறியாது கழித்த மிகையோ, தோட்டத்தின் இழப்பைத் தொழிலாளியின் மேல் ஏற்றியதாகும். நிறை குறைந்தவளுக்கு அரைப்பேரே விழுந்தது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலியை வரையறுக்க வழிசெய்தது. அதன் பின்னரும் தராசிற் கழிவு நீங்கவில்லை.

பேரேட்டில் எழுதப்பட்ட சேதத்தைக் கணக்காய்வாளர் கண்டனர். தராசிற் கழிந்த சேதத்தைக் கூடை சுமந்தவளே அறிந்தாள்.