கல்பாக்கத்தில் எழுந்த உலை

சென்னையிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே செல்வோர், மாமல்லபுரத்தைக் கடந்து சிறிது தொலைவில் சதுரங்கப்பட்டினத்தை அடைவர். ஒல்லாந்தர் மெல்லிய பருத்தித் துணிகளை வாங்கிக் கப்பலேற்றிய ஊர் அது. அவர்கள் கட்டிய கோட்டையும் அதனுள் அவர்தம் கல்லறைகளும் இன்றும் உள்ளன. அவ்வூரை அடுத்து, கிழக்கே கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாயுமாகக் கிடந்த மணற்பரப்பிலேதான் கல்பாக்கம் அணுமின் நிலையம் எழுந்தது. அவ்வரலாற்றை ஒரு காலத்தில் பிழைபடச் சொல்லிக்கொடுத்தவன் நான். ஆதலின் அதனைத் திருத்திச் சொல்லும் கடமையும் எனக்கு உண்டு.

1983ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2ஆம் நாள் முதல் உலையில் அணுத் தொடர்வினை தொடங்கிற்று. அதே திங்கள் 23ஆம் நாள் அங்கிருந்து மின்சாரம் புறப்பட்டது. ஆசிரியப் பயிற்சியை முடித்து, திருக்கழுக்குன்றத்தை அடுத்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் நான் அப்பொழுதுதான் சேர்ந்திருந்தேன். எட்டாம் வகுப்பில் பெருமிதத்தோடு பேசினேன். "1974இல் நாம் பொக்ரானில் அணுச் சோதனை நடத்தினோம். கனடா நாட்டார் சினந்து, கல்பாக்கத்து வேலையைப் பாதியில் விட்டுச் சென்றனர். விட்ட இடத்திலிருந்து நம்மவர் கட்டி முடித்தனர்" என்றேன்.

பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, எங்கள் அப்பா அங்கே கடலுக்கு அடியில் சுரங்கம் வெட்டும் வேலைக்குப் போனவர். வேலை 71ஆம் ஆண்டே தொடங்கிவிட்டதாம். அப்படியானால் முதல் மூன்று ஆண்டுகள் யார் கட்டினார்கள்?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மனம் இடங்கொடுக்கவில்லை. "உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்தான்.

உண்மை இதுதான். மும்பைக்கு வடக்கே தாராப்பூரில் 1969இல் இயங்கத் தொடங்கிய நிலையத்தை அமெரிக்க நிறுவனம் ஒன்று கட்டி நம்மிடம் ஒப்படைத்தது. ராஜஸ்தானத்து ராவத்பாட்டா நிலையம் கனடாவின் துணையோடு தொடங்கப்பெற்றது. 1974இல் கனடா கைவிட்டது அந்த ராவத்பாட்டாவைத்தான். அங்கே இரண்டாம் உலை 1981இல்தான் வணிக முறையில் இயங்கத் தொடங்கியது. கல்பாக்கமோ தொடக்கத்திலிருந்தே இந்தியப் பொறியாளர் பொறுப்பில் இருந்தது. 1967இல் எம். ஆர். சீனிவாசன் அதன் தலைமைத் திட்டப் பொறியாளர் ஆனார். 1971இல் முதல் உலைக்கும், அடுத்த ஆண்டில் இரண்டாம் உலைக்கும் கட்டுமானம் தொடங்கியது. உலையின் அடிப்படை அமைப்பு கனடாவிடமிருந்து கற்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கற்றதை அப்படியே பெயர்த்து எழுதாமல், விபத்து நேர்ந்தால் வெளிப்படும் நீராவியைக் குளிர்வித்து அடக்கும் நீர்த்தொட்டி முதலியவற்றை நம்மவர் மாற்றி அமைத்தனர் என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

இனி அம்மாணவன் தந்தை வேலை செய்த சுரங்கத்திற்கு வருவோம். அணு உலையின் வெப்பத்தால் நீர் ஆவியாகிறது. ஆவி சுழலியைச் சுழற்றுகிறது. வேலை முடிந்த ஆவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கக் கடல்நீர் வேண்டும். கடல் அருகிலேயே இருக்க இதிலென்ன தொல்லை என்று தோன்றலாம். நம் கிழக்குக் கரையில் மணல் ஓயாமல் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியபின் அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்ற கதையை அறியாதார் இலர். கரையில் வாய்க்கால் வெட்டினால் மணல் தூர்த்துவிடும். ஆகவே கரையில் ஓர் ஆழ்கிணறும், ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் தொலைவில் கடலுக்குள் மற்றோர் ஆழ்கிணறும் இறக்கி, இரண்டையும் கடலடிப் பாறையைக் குடைந்த சுரங்கத்தால் இணைத்தனர். தலைக்குமேல் கடலை வைத்துக்கொண்டு பாறையைக் குடைந்த கூலியாட்களின் பெயர்களை எந்தப் பாடநூலிலும் நான் கண்டதில்லை. நீர் ஓடத் தொடங்கியதும் மட்டியினங்கள் சுரங்கச் சுவரில் குடியேறின. அவற்றைக் கட்டுப்படுத்தக் குளோரின் கலந்தனர். கடலோடு செய்துகொண்ட உடன்பாடு ஒருநாளும் முடிந்துவிடுவதில்லை போலும்!

நிற்க. 1974ஆம் ஆண்டின் பாதிப்பு கல்பாக்கத்தை எட்டவே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. வெளிநாட்டுக் கதவுகள் அடைபட்டன. பல உறுப்புகளை உள்நாட்டுத் தொழிற்சாலைகள் முதன்முறையாகச் செய்து பழக வேண்டியதாயிற்று. எரிபொருளாகும் இயற்கை யுரேனியம் நம்மிடம் இருந்தது. ஆனால் இவ்வகை உலைக்குக் கனநீர் இன்றியமையாதது. பரோடாவில் நிறுவிய கனநீர் ஆலை 1977இல் விபத்துக்குள்ளாயிற்று. தூத்துக்குடி ஆலை 1978இல் தொடங்கியது. கனநீர்த் தட்டுப்பாடும் வேலை நீண்டதற்கு ஒரு காரணம். இரண்டாம் உலை 1985 ஆகஸ்டில் உயிர்பெற்றது. குறையில்லாத கட்டடம் என்றும் சொல்வதற்கில்லை. 1980களின் இறுதியில் உலைகளின் உட்குழாய் அமைப்பில் பழுது கண்டு, பல ஆண்டுகள் குறைந்த ஆற்றலிலேயே அவற்றை ஓட்டினர்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. முதல் உலை பழுதுபார்ப்புக்காக முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல் பொங்கியதும் நீர் அந்தச் சுரங்கத்தின் வழியே ஏறி, இறைப்பு நிலையத்தில் புகுந்தது. குளிர்விப்பு எந்திரங்கள் நின்றன. பணியாளர் உலையைத் தீங்கின்றி நிறுத்தினர். அடுத்த ஜனவரித் தொடக்கத்தில் அது மறுபடியும் இயங்கிற்று. ஆனால் நிலையத்தின் குடியிருப்பிலும் அண்டைக் குப்பங்களிலும் மாண்டோர் மாண்டவர்களே.

அந்நாட்களில் துயருற்றோர் தங்கிய ஒரு பள்ளிக்கூடத்தில் அரிசி அளந்துகொண்டிருந்தேன். மூட்டை இறக்க வந்தவர்களில் ஒருவன் என்னை அடையாளங்கண்டு வணங்கினான். பின்வரிசை மாணவன்தான். இருபத்தோர் ஆண்டுகள் பிந்தி, அவன் கேள்விக்கு விடை சொன்னேன்; அன்று அவனை உட்காரச் சொன்னது என் பிழை என்றும் சொன்னேன்.

"அன்று சாயங்காலமே அப்பா சொல்லிவிட்டார், ஐயா" என்றான் அவன். பிறகு அடுத்த மூட்டையை எடுக்கப் போனான்.