கொல்லிமலைக்கு எந்த வண்டி? - ஸ்ட்ரோலர், கார் சீட், கொஞ்சம் வரலாறு

முதல் குழந்தை பொறந்த வீட்டுல பணம் எப்படிக் கரையும்னு அனுபவப்பட்ட மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்க வீட்டுல இப்போதைக்கு ஓடுற பட்டிமன்றத் தலைப்பு, "வாங்க வேண்டியது ஸ்ட்ரோலரா, கார் சீட்டா?" ரெண்டுக்கும் பட்ஜெட்ல இடம் இல்லை. பாப்பாவுக்கு நாலு மாசம் முடிஞ்சுது. அடுத்த மாசம் மொத தடவையா அவளோட அம்மா ஊருக்குப் போறோம்.

அது எந்த ஊருன்னு சொன்னாத்தான் சிக்கல் புரியும். அரியூர் நாடு. நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை மேல. 'நாடு'ன்னதும் பாஸ்போர்ட்டைத் தேடாதீங்க :) வாழவந்தி நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடுன்னு கொல்லிமலையில மொத்தம் 14 நாடு இருக்கு, அதுல இதுவும் ஒண்ணு. சோழர் காலக் கல்வெட்டுகள்ல வர்ற மாதிரி, பல ஊர் சேர்ந்த ஒரு பகுதிங்கிற பழைய அர்த்தத்துல அந்தச் சொல் இன்னும் புழங்குற இடம். சாமை, தினை, மிளகு, காப்பி, பலான்னு ஊரே பச்சையா இருக்கும். அடிவாரம் காரவள்ளி. அங்கிருந்து மேல ஏற 70 கொண்டை ஊசி வளைவு.

தங்கமணி கட்சி ஸ்ட்ரோலர். மாமனார் கட்சி ரெண்டுமே வேண்டாம். "மடி இருக்கும்போது சீட்டு எதுக்குங்க மாப்ள?" அப்படின்னுட்டார். கடைக்காரர் கட்சி, ரெண்டும் சேர்ந்த காம்போ பேக். நான் வழக்கம் போல, இந்த ரெண்டு சாமானையும் மொதல்ல யாரு, எதுக்காக செஞ்சாங்கன்னு படிக்க உக்காந்துட்டேன். கடையில ஒரே அலமாரியில பக்கத்துப் பக்கத்துல இருக்கிற இந்த ரெண்டுக்கும் பொறந்த இடம் வேற, வளர்ந்த காரணம் வேற.

மொதல்ல ஸ்ட்ரோலர். 1733-ல இங்கிலாந்துல வில்லியம் கென்ட்னு ஒரு கட்டட, தோட்ட வடிவமைப்பாளர், மூணாவது டெவன்ஷயர் பிரபுவோட குழந்தைகளுக்காக ஒரு வண்டி செஞ்சு கொடுத்தார். சிப்பி வடிவத்துல இருக்கை, கீழ சக்கரம், முன்னாடி ஆட்டையோ குட்டிக் குதிரையையோ பூட்டி இழுக்க ஏற்பாடு. ஆமா, ஆடு! பிரபு வீட்டுத் தோட்டத்துல, நல்லா சமன் பண்ணின பாதையில உலாத்துறதுக்கான அலங்கார வண்டி அது. அப்புறம் 19-ஆம் நூற்றாண்டுல பின்னாடி நின்னு தள்ளுற கைப்பிடி வந்துச்சு. 'பெரம்புலேட்டர்'ங்கிற பேரு வந்து, அது சுருங்கி 'பிராம்' ஆச்சு. 1889-ல அமெரிக்காவுல பால்டிமோரைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்சன்கிற கறுப்பினக் கண்டுபிடிப்பாளர், குழந்தை அம்மாவைப் பார்த்த மாதிரியும் ரோட்டைப் பார்த்த மாதிரியும் திருப்பி வைக்கிற தொட்டில் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார்.

இன்னிக்கு நாம பார்க்கிற, மடக்கித் தூக்கிட்டுப் போற குடை மாதிரியான ஸ்ட்ரோலருக்கு வயசு ரொம்பக் கம்மி. ஓவன் மெக்லாரன்கிற பிரிட்டிஷ் விமானப் பொறியாளர், ரெண்டாம் உலகப்போர்ல புகழ் பெற்ற ஸ்பிட்ஃபயர் விமானத்தோட மடங்குற சக்கரக் கால் அமைப்புல வேலை பார்த்தவர். பேத்தியைத் தள்ளிட்டு வந்த வண்டி படா கனமா, மடக்க முடியாம இருக்கிறதைப் பார்த்துட்டு, அலுமினியக் குழாயை வச்சு 3 கிலோவுக்கும் குறைவான ஒரு வண்டியை வடிவமைச்சு 1965-ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். போர் விமானத்தோட காலு, பேத்தியோட வண்டியில வந்து நின்ன கதை. தாத்தாக்கள் எந்த நாட்டுலயும் தாத்தாக்கள்தான்!

இந்தக் கதை முழுக்கக் கவனிச்சீங்கன்னா ஒண்ணு தெரியும். பிரபுவோட தோட்டமோ, லண்டன் நடைபாதையோ, விமான நிலையமோ, எல்லா இடத்துலயும் தரை தயாரா இருக்கு. வேற யாரோ சமன் பண்ணி வச்ச பாதை மேலதான் குழந்தை வண்டி ஓடுது. நம்ம பக்கம் சக்கரம் தெரியாதவங்க இல்லை. பட்டினப்பாலையிலேயே குழந்தைகள் உருட்டி விளையாடுற மூணு சக்கரச் சிறுதேர் வருது. ஆண்பால் பிள்ளைத்தமிழோட கடைசிப் பருவத்துக்குப் பேரே சிறுதேர்ப் பருவம். நடைவண்டியும் மூணு சக்கரம்தான். ஆனா இதுல எதுவும் குழந்தையைச் சுமக்கிற வண்டி இல்லை, குழந்தை இழுக்கிற, தள்ளுற வண்டி. குழந்தையைச் சுமக்க நமக்கு இடுப்பு இருந்துச்சு, தோள் இருந்துச்சு, தூங்க வைக்க அம்மாவோட பழைய சேலையில கட்டின தூளி இருந்துச்சு. வரப்புலயும் ஒத்தையடிப் பாதையிலயும் சக்கரத்தை விட இடுப்பு நல்லா வேலை செய்யும்.

மேற்கு நாட்டுக்காரங்களே இதைத் திரும்பக் கத்துக்கிட்ட கதையும் இருக்கு. ஆன் மூர்ங்கிற அமெரிக்க நர்ஸ், 1960-களில் அமைதிப் படை தொண்டரா ஆப்பிரிக்காவுல டோகோ நாட்டுக்குப் போனாங்க. அங்க அம்மாக்கள் குழந்தையைத் துணியால முதுகோட கட்டிக்கிட்டே வேலை பார்க்கிறதைப் பார்த்தாங்க. ஊருக்குத் திரும்பி, தன் குழந்தைக்கு அதே மாதிரி ஒரு பை தைக்க வச்சு, 1969-ல 'ஸ்னக்லி'ங்கிற பேர்ல காப்புரிமை வாங்கினாங்க. இன்னிக்குக் கடையில நாலாயிரம் அஞ்சாயிரம்னு தொங்குற 'பேபி கேரியர்' எல்லாம் அந்த வழி வந்ததுதான். தங்கமணியோட ஆயாகிட்ட இதைச் சொன்னேன். "துணியில கட்டறதுக்குமா காசு வாங்கறாங்க?"ன்னு சிரிச்சுட்டாங்க.

ஆக, அரியூர் நாட்டுல படிக்கட்டும் மேடும் பள்ளமும் சேறுமா இருக்கிற வழியில ஸ்ட்ரோலர் ஒரு சுமைதான். சரிவுல பிரேக் போடாம கையை விட்டா ஆபத்தும் கூட. தங்கமணி இதை ஒத்துக்கிட்டாங்க. மிச்சம் இருந்தது மாமனாரோட கேள்வி. மடி இருக்கும்போது சீட்டு எதுக்கு?

இப்ப கார் சீட் கதைக்கு வருவோம். 1930, 40-களில் அமெரிக்காவுல வித்த மொதல் கார் சீட்டுகளுக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமே கிடையாது. குழந்தை வண்டிக்குள்ள தவழ்ந்து போகாம ஒரே இடத்துல உக்காரணும், ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்கணும், அவ்வளவுதான் நோக்கம். சிலதுல விளையாட்டு ஸ்டீயரிங் கூட உண்டு. 1960-களில்தான் கதை திரும்புச்சு. 1962 வாக்குல பிரிட்டன்ல ஜீன் ஏம்ஸ், அமெரிக்காவுல லெனார்ட் ரிவ்கின்னு ரெண்டு பேர் தனித்தனியா, மோதல்ல குழந்தையைக் காப்பாத்துறதுக்குன்னே சீட் செஞ்சாங்க. ஸ்வீடன்ல பெர்டில் ஆல்ட்மன்கிற மருத்துவப் பேராசிரியர், விண்வெளி வீரர்கள் மல்லாந்து படுத்த மாதிரி உக்கார்ந்து, வேகத்தோட அழுத்தத்தை முதுகு முழுக்கத் தாங்குறதைக் கவனிச்சார். அதே யோசனையில, 1964-ல பின்பக்கம் பார்த்த குழந்தை சீட்டைச் சோதிச்சுப் பார்த்தார். கைக்குழந்தையோட தலை உடம்பு நீளத்துல கால் பங்கு, கழுத்து எலும்பு இன்னும் முழுசா கெட்டிப்படல. முன்னாடி பார்த்து உக்கார்ந்து மோதினா அந்தக் கனத் தலையைக் கழுத்து மட்டுமே இழுத்துப் பிடிக்கணும். பின்னாடி பார்த்து உக்கார்ந்தா முதுகு, தலை எல்லாத்தையும் சீட்டே தாங்கிக்கும்.

அடுத்து வர்றதுதான் என் மாமனாருக்கான பதில். அமெரிக்காவுல டென்னசி மாகாணத்துல ராபர்ட் சாண்டர்ஸ்னு ஒரு குழந்தை மருத்துவர். விபத்துல சாகுற குழந்தைகளைப் பார்த்து மனசு தாங்காம, அவரும் அவர் மனைவியும் அரசியல்வாதிகளை விடாம துரத்தி, குழந்தைக்குக் கார் சீட் கட்டாயம்னு சட்டம் கொண்டு வர வச்சாங்க. 1978 ஜனவரி 1-ல அமலுக்கு வந்த அந்தச் சட்டம்தான் அமெரிக்காவுலயே மொதல். ஆனா அதுல ஒரு விலக்கையும் நுழைச்சுட்டாங்க. பெரியவங்க கையில, மடியில குழந்தையை வச்சிருந்தா சீட் வேண்டாமாம். டென்னசிக்காரங்களும் என் மாமனார் கட்சிதான் பாருங்க! சாண்டர்ஸ் அந்த விலக்குக்கு வச்ச பேரு 'குழந்தை நசுக்கி'. மோதல்ல மடியில இருக்கிற குழந்தை பெரியவங்க உடம்புக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவுல மாட்டிக்கும்கிறதுதான் அர்த்தம். 1981-ல அந்த விலக்கு நீங்குச்சு. 1985-க்குள்ள எல்லா மாகாணத்துலயும் கார் சீட் சட்டம் வந்துருச்சு.

பள்ளிக்கூட பிசிக்ஸ் கணக்கு ஒண்ணு போட்டு மாமனார்கிட்ட காட்டினேன். குழந்தை எடை 7 கிலோ. கார் எதுலயோ மோதி, நொடியில பத்துல ஒரு பங்கு நேரத்துல நிக்குதுன்னு வைங்க. 20 கிலோமீட்டர் வேகத்துல மோதினா அந்தக் கணத்துக்குக் கை தாங்க வேண்டியது ஏறக்குறைய 40 கிலோ. 40-ல 80 கிலோ. 60-ல 120 கிலோ. எந்த அம்மா கையும், எவ்வளவு பாசம் இருந்தாலும், எதிர்பாராத நேரத்துல 120 கிலோவை நிறுத்தாது. "மலையில யாரு 60-ல போறா?"ன்னு கேட்டார். சரிதான். ஆனா சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியா காரவள்ளி வரைக்கும் சமதளம், அங்க எல்லாரும் அந்த வேகத்துலதான் போறோம். மேல ஏறும்போது வளைவுல எதிர்ல பஸ் வந்து சடார்னு பிரேக் போட்டாலே மடியில இருக்கிற குழந்தை நழுவும்.

ஆயா இதையெல்லாம் கேட்டுட்டு இருந்தவங்க, "நாங்க புள்ளையத் தூக்கிட்டு நடந்துதான மலை எறங்குனோம். கால் வழுக்குனாலும் புள்ளைய விடமாட்டோம். வண்டி வழுக்குனா என்ன பண்றது?"ன்னாங்க. நான் ரெண்டு வாரம் படிச்சது அந்த ஒரு கேள்வியில இருந்துச்சு. மடியும் இடுப்பும் நடை வேகத்துக்குப் போதும். மோட்டார் வேகத்துக்கு அது போதாது. மாமனார் அதுக்கு மேல பேசல.

நம்ம ஊர்ச் சட்டம் என்ன சொல்லுதுன்னும் பார்த்தேன். 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 194-பி பிரிவு. 14 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாம வண்டியில போனா 1000 ரூபாய் அபராதம். 2022-ல வந்து 2023 பிப்ரவரி 15 முதல் அமலான விதிப்படி, பைக்ல 4 வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தையை ஓட்டுறவரோட சேர்த்துப் பட்டை போட்டுக் கட்டணும், 9 மாசத்துக்கு மேலன்னா ஹெல்மெட்டும் போடணும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. ஆனா நிஜத்தையும் சொல்லணும். மலையில நிறைய குடும்பங்கள் போறது பஸ்ஸுலயும் பைக்லயும்தான். பஸ்ஸுல இந்த சீட்டை மாட்ட வழியே இல்லை. கார் வச்சிருக்கிறவன் கார் சீட் பத்திப் பேசறது அங்க ஒரு வசதிக்காரப் பேச்சுதான். அது உறுத்தத்தான் செய்யுது. அதுக்காக இருக்கிற கார்ல மாட்டாம விடறதும் நியாயமாப் படல.

வாங்கப் போற மக்களுக்கு, படிச்சதுல இருந்து சில விஷயம்:

கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்த சீட் மட்டும்தான். அதைப் பின்சீட்டுல மாட்டுங்க. 2022 முதல் விக்கிற கார்கள்ல முன்னாடி ரெண்டு பக்கமும் ஏர்பேக் இருக்கும். அது விரியும்போது பின்பக்கம் பார்த்த சீட்டை அடிச்சுத் தள்ளிரும்.

உங்க கார்ல ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கான்னு பார்த்துட்டுக் கடைக்குப் போங்க. இல்லைன்னா பெல்ட்ல மாட்டுற சீட் வாங்குங்க. மாட்டின அப்புறம் பெல்ட் போற இடத்துல பிடிச்சு ஆட்டினா ஓர் அங்குலத்துக்கு மேல அசையக் கூடாது.

பட்டை குழந்தை தோளுக்குச் சரியாவோ கொஞ்சம் கீழ இருந்தோ வரணும். விரலால கிள்ளினா மடிப்பு விழாத அளவுக்கு இறுக்கம். மலைக் குளிருக்குக் கனமான ஸ்வெட்டர் போட்டு அதுக்கு மேல பட்டை மாட்டாதீங்க, பட்டை தொளதொளன்னு ஆயிரும். பட்டையை மாட்டிட்டு மேல கம்பளியைப் போர்த்துங்க.

பழைய சீட்டை யாராவது அன்பா கொடுத்தா, அது விபத்துல மாட்டின சீட்டான்னு கேட்டுட்டு வாங்குங்க. ஊர் போய்ச் சேர்ந்ததும் தூங்குற குழந்தையை சீட்டுலயே விடாம எடுத்துப் படுக்க வைங்க.

பட்டிமன்றத் தீர்ப்பு: காசு கார் சீட்டுக்கு. அரியூர் நாட்டுல பாப்பா எல்லார் இடுப்புலயும் சுத்தி வருவா, பகல்ல ஆயா கட்டுற தூளியில தூங்குவா. ஸ்ட்ரோலர், நடைபாதைன்னு ஒண்ணு எங்க தெருவுல வரும்போது பார்த்துக்கலாம் :) 70 வளைவுக்கு நடுவுல ரெண்டு மூணு எடத்துல நிறுத்தி, பாப்பாவை எடுத்து, பால் கொடுத்துட்டு மெதுவா ஏறுறதா திட்டம். மலைப்பாதையில கைக்குழந்தையோட போன அனுபவஸ்தர்கள், வேற என்ன கவனிக்கணும்னு சொல்லிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்.