கப்ரமற்றா: ஒரு தொகுதியின் கதை

மீனும் மரக்கறியும் மலிவாக வாங்கவென நம்மவர் பலர் கப்ரமற்றாவுக்குச் சென்றுவருவதுண்டு. அக்கடைத்தெருக்களுக்குப் பின்னால் ஒரு தேர்தல் வரலாறு இருப்பதைச் சிலரே அறிவர். ஏதிலிகளாக வந்த இன்னொரு சமூகம், வாக்குச்சீட்டின் வழியே இந்நாட்டில் தனக்கோர் இடம் தேடிய வரலாறு அது.

1975இல் சைகோன் வீழ்ந்தபின் வந்துசேர்ந்த வியட்நாமிய அகதிகள் பலர் வில்லவூட், கப்ரமற்றாப் பகுதிகளின் குடிவரவாளர் விடுதிகளில் முதலில் தங்கவைக்கப்பட்டனர். (தடுப்பு முகாம் என்று நம்மவர் அஞ்சும் அதே வில்லவூட்தான்.) விடுதியை விட்டு வெளியேறியோர் அயலிலேயே வாடகை வீடு பிடித்தனர், உறவினர் அவர்களைத் தொடர்ந்தனர். ஓர் ஊர் உருவாயிற்று.

ஊர் அவர்களுடையதாயினும் ஆசனம் அவர்களுடையதாக இருக்கவில்லை. 1981இல் தோற்றம்பெற்ற கப்ரமற்றா மாநிலத் தொகுதியில் தொடக்கம் முதல் தொழிற்கட்சியே வென்றுவந்தது. தும்புத்தடியை நிறுத்தினாலும் வெல்லும் என்று யாழ்ப்பாணத்தில் சொல்வார்களே, அத்தகைய தொகுதி. 1991இல் பெயர்பீல்ட் மாநகரசபை உறுப்பினரான வியட்நாமியர் பூங் இங்கோ சுயேச்சையாகப் போட்டியிட்டுத் தோற்றார். 1994 செப்டெம்பர் 5ஆம் திகதி, தொகுதியின் உறுப்பினர் ஜோன் நியூமன் தமது வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காகப் பூங் இங்கோவுக்கு 2001இல் ஆயுள்தண்டனை விதிக்கப்பட்டது. ஹெரோயின் வியாபாரத்தால் ஏற்கெனவே கெட்டிருந்த ஊரின் பெயர் இதனால் மேலும் கெட்டது. ஒருவரது குற்றத்தின் நிழல் முழுச் சமூகத்தின்மீதும் விழுவது எத்தகையது என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

நியூமனுக்குப் பின் ரீபா மார் உறுப்பினரானார். 2008இல் அவர் பதவி விலகவே, ஒக்டோபர் 18ஆம் திகதி இடைத்தேர்தல் நடைபெற்றது. தொழிற்கட்சி பெயர்பீல்ட் மேயர் நிக் லாலிச்சை நிறுத்தியது. லிபரல் கட்சி நிறுத்தியவர் டாய் லே. சைகோனில் பிறந்து, ஏழு வயதளவில் தாயுடனும் சகோதரிகளுடனும் தப்பி, பிலிப்பைன்சிலும் ஹொங்கொங்கிலும் முகாம்களில் வாழ்ந்து, 1979இல் அவுஸ்திரேலியா வந்தவர். பின்னர் ஏபிசி வானொலியில் பணியாற்றியவர். லாலிச்சே வென்றார். ஆயினும் 20 சதவீதத்துக்கும் மேலான வாக்குகள் தொழிற்கட்சியிலிருந்து நகர்ந்திருந்தன. அதே நாளில் ரைட் தொகுதி அக்கட்சியின் கையைவிட்டே போயிற்று.

2011 மார்ச்சில் இருவரும் மீண்டும் மோதினர். முதலமைச்சர் கிறிஸ்ரினா கெனீலியின் தலைமையில் தொழிற்கட்சி படுதோல்வியடைந்து, 93 ஆசனங்களில் 20ஐ மட்டுமே பெற்ற தேர்தல் அது. கப்ரமற்றாவை அது காப்பாற்றியதும் மிகச் சிறிய வித்தியாசத்தில்தான். பின்னர் லிபரல் கட்சியுடன் முரண்பட்டு விலக்கப்பட்ட டாய் லே, 2019இல் சுயேச்சையாக நின்று மூன்றாம் முறையும் தோற்றார்.

அடுத்து நிகழ்ந்ததே நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. கப்ரமற்றாவை உள்ளடக்கிய பவுலர் மத்திய தொகுதி 2022இல் வெற்றிடமாகவிருந்தது. ஓய்வுபெறும் உறுப்பினர் கிறிஸ் ஹேய்ஸ், வியட்நாமிய அகதிகளின் மகளான சட்டத்தரணி து லேயை ஆதரித்தார். கட்சித் தலைமையோ, சிட்னியின் வடக்குக் கடற்கரைப் பகுதியில் வசித்த கெனீலியைக் கொண்டுவந்து நிறுத்தியது. நமது வாக்குகள் எங்கும் போகாது என்று ஒரு கட்சி நம்பத் தொடங்கினால், நம்மைக் கேட்க வேண்டிய தேவை அதற்கு அற்றுப்போகிறது. பவுலரில் நடந்தது அதுவே என்பது நமது கணிப்பு. முதல் விருப்பு வாக்குகளில் கெனீலியே முந்தினார். ஏனைய வேட்பாளர்களின் வாக்குகள் விருப்பு வரிசைப்படி பகிரப்பட்டபோது டாய் லே 51.6 சதவீதத்துடன் வென்றார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டசபைத் தேர்தலில் ஒரு கட்டத்தில் '1' என இட்டாலே வாக்குச் செல்லும். மற்றவை நம் விருப்பம். மத்திய பிரதிநிதிகள் சபைக்கோ எல்லாக் கட்டங்களையும் இலக்கமிட்டு நிரப்ப வேண்டும். இரண்டையும் குழப்பி '1' மட்டும் இட்டுவிட்டு வருவோரின் சீட்டு மத்திய தேர்தலில் கழிக்கப்படும். செல்லாத வாக்குகள் நாட்டிலேயே மிகுந்த தொகுதிகளுள் பவுலரும் ஒன்று. பிறமொழி பேசுவோர் செறிந்த மேற்குச் சிட்னித் தொகுதிகள் பலவற்றின் நிலையும் இதுவே. நம் முதியோரும் அங்கேதான் வாக்களிக்கின்றனர்.

2025இல் தொழிற்கட்சி து லேயையே பவுலரில் நிறுத்தியது. இரு வியட்நாமியப் பெண்கள் மோதிய அத்தேர்தலிலும் டாய் லே வென்றார். மாநிலத் தொகுதியான கப்ரமற்றா 2023இல் தொழிற்கட்சியின் ட்ரி வோவைத் தெரிவு செய்திருந்தது. நான்கு தசாப்தங்களின் பின் வியட்நாமியர் ஒருவர் அவ்வாசனத்தில் அமர்ந்தார்.

நம்மவர் பக்கமும் அசைவு உண்டு. மெல்பேர்ணின் ஹிக்கின்ஸ் தொகுதியில் இலங்கைத் தமிழ்ப் பின்னணியுடைய மருத்துவர் மிஷேல் ஆனந்தராஜா 2022இல் வென்றார், பின்னர் செனற்றரானார். சட்டத்தரணி அஷ்வினி அம்பிகைபாகர் 2023 மாநிலத் தேர்தலில் சிட்னியின் ஓட்லி தொகுதியில் லிபரல் உறுப்பினர் மார்க் கூரிடம் சிறு வித்தியாசத்தில் தோற்று, 2025இல் பார்ட்டன் மத்திய தொகுதியில் வெற்றி பெற்றார்.

ஆயினும் இன்னும் வாக்கில்லாத தமிழர் நம்மிடையே உளர். தற்காலிக விசாவில் ஆண்டுக்கணக்காக இருந்தோருட்பட ஏறத்தாழ 19,000 பேருக்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழி 2023 பெப்ரவரியிலேயே திறக்கப்பட்டது. நிரந்தர வதிவிடம் கிடைத்து ஓராண்டு கழிந்தபின்னரே அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இயலும். குடியுரிமை பெற்ற பின்னரே வாக்காளர் பட்டியலில் பெயர் சேரும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத் தேர்தல் நான்காண்டுகளுக்கு ஒருமுறை மார்ச் மாதத்தின் நான்காம் சனிக்கிழமையன்று நடைபெறுவது. 2023ஐ அடுத்து வருவது 2027. அவர்களுள் பலருக்கு வாழ்நாளில் அச்சமின்றி இடும் முதல் வாக்கு அதுவாக இருக்கும்.