காற்று, சாரல், நீர்: தென்காசி வட்டாரமும் வெப்பம் அகற்றும் கலையின் வரலாறும்

ஒரு பொருளைக் குளிர்விப்பது என்றால் அதிலுள்ள வெப்பத்தை எடுத்து வேறோரிடத்தில் சேர்ப்பது என்று பொருள். வெப்பம் அழிவதில்லை, இடம் மாறுகிறது. வீசும் காற்றிடம் வெப்பத்தை ஒப்படைப்பது, நீரை ஆவியாக்கி அந்த ஆவியோடு அனுப்புவது, ஓடும் நீரோடு போக்கிவிடுவது ஆகிய மூன்று வழிகளில் மனிதர் இவ்வேலையை நெடுங்காலமாகச் செய்துவந்துள்ளனர். தென்காசி, குற்றாலம் வட்டாரத்துக்கு இம்மூன்றும் இயற்கையின் கொடையாகவே வாய்த்தன. கணினித் திரையில் தோன்றும் காட்சிகளைக் கணக்கிட்டுத் தரும் மின்பலகையாகிய கிராபிக்ஸ் கார்டும் கடந்த முப்பது ஆண்டுகளில் இதே மூன்று வழிகளையே பெரும்பாலும் இதே வரிசையில் கைக்கொண்டு வளர்ந்திருப்பதால், இவ்வட்டாரத்தின் பழைய அனுபவத்தைக் கொண்டு அந்தப் புதிய தொழிலை அளந்துபார்க்க முடிகிறது.

முதலில் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைக்கு மேற்கே, ஆரியங்காவுப் பகுதியில் தாழ்ந்து ஒரு கணவாயாகத் திறக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் அந்த இடைவெளியில் நெருங்கிப் புகுந்து வேகம் கூடித் தென்காசிச் சமவெளியில் இறங்குகிறது. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலின் கோபுர வாயிலில் நிற்பவர்கள் ஆளைத் தள்ளும் அந்தக் காற்றை இன்றும் உணர்கின்றனர். நெடுங்காலம் சிதைந்து கிடந்து 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் கட்டப்பட்ட இக்கோபுரத்தின் அடியில், அகன்ற வெளியில் பரவிவரும் காற்று குறுகிய வாயிலுக்குள் நுழையும்போது விரைவு பெறுகிறது. அதே கணவாய்க் காற்றை நம்பியே அண்மைப் பதிற்றாண்டுகளில் தென்காசி, ஆலங்குளம், சுரண்டை பக்கங்களில் காற்றாலைகள் வரிசையாக எழுந்தன.

இரண்டாவது சாரல். குற்றாலம் கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 170 மீட்டர் உயரத்திலேயே இருப்பதால், உதகைக்கு உயரத்தினால் கிடைத்த குளிர்ச்சியை அதற்குச் சொந்தமாக்க முடியாது. மலையின் மேற்குப் பக்கத்தில் பெருமழையைக் கொட்டிய மேகங்கள் கணவாய் வழியே மிச்சத்தைத் தூவிச் செல்ல, அந்த நுண்துளிகள் காற்றிலேயே ஓரளவு ஆவியாகும்போது ஆவியாதலுக்கு வேண்டிய வெப்பம் சுற்றியுள்ள காற்றிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் தேவைப்படுகிறது என்பதை நினைத்தால், கண்ணுக்குப் புலப்படாத தூறலும் ஓர் ஊரையே தணித்துவிடுவது வியப்பாகாது. இந்த ஈரத்தையும் தணுப்பையும் கண்ட கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே ஜாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டைத் தோட்டங்களை அமைத்தனர். திருநெல்வேலிச் சீமையின் வெயிலைத் தாங்காத ஐரோப்பியர் பங்களாக்களைக் கட்டிக்கொண்டு சீசன் மாதங்களைக் கழித்தனர். 1904இல் கொல்லம், செங்கோட்டை வழி இரயில் பாதை திறக்கப்பட்டபின் அந்தச் சீசன் எல்லோருக்கும் எட்டுவதாயிற்று.

மூன்றாவது ஓடும் நீர். அருவி நீரின் தணுப்பு விழுவதனால் வருவது என்ற எண்ணம் பொதுவாக இருப்பினும் உண்மை அதற்கு நேர்மாறானது. வேலையும் வெப்பமும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்று 1840களில் நிறுவிய ஆங்கில இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல், விழும் நீர் அடியில் சற்றே சூடாகும் என்று கணித்தார். அக்கணக்கின்படி 100 மீட்டர் வீழ்ச்சி நீரை ஏறத்தாழ கால் டிகிரி சூடாக்கும். ஆகவே குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாற்றின் தணுப்பு மலைக்காட்டின் நிழலிலும் மழையிலும் பிறப்பது; அருவி அதைக் கீழே கொண்டுவந்து, குளிப்பவரின் உடல் வெப்பத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறது. பேரருவியின் நீர் நேரே தரையில் மோதுவதில்லை. நடுவிலுள்ள பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பாறைக்குழியில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்த பிறகே மனிதத் தலை தாங்கும் அளவில் பரவி இறங்குகிறது.

இத்தகைய வசதி வாய்க்காத சமவெளி நகரங்கள் அதைச் செயற்கையாக அமைத்துக்கொண்டன. வாசலில் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டி அதன்மீது நீர் தெளிக்கும் வழக்கம், வேரின் இழைகளில் ஊறிய நீரை வெப்பக்காற்றில் ஆவியாக்கி அறையைத் தணித்தது. சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், அமெரிக்க வணிகர் ஃபிரெடரிக் டியூடர் கப்பலில் கொண்டுவந்த ஏரிப் பனிக்கட்டியைச் சேமித்து விற்றது. பின்னர் கணினி வந்தபோது குளிர்ச்சி மனிதருக்கு மட்டுமல்லாமல் இயந்திரத்துக்கும் தேவைப்பட்டது; 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370 போன்ற பெருங்கணினிகளுக்குக் குளிரூட்டப்பட்ட தனிக்கூடமே வேண்டியிருந்தது.

கிராபிக்ஸ் கார்டின் வரலாறு காற்றில் தொடங்குகிறது. 1996இல் வந்த 3டிஎஃப்எக்ஸ் வூடூ கார்டின் சில்லுகள் குளிர்விப்பான் ஏதுமின்றி அறைக்காற்றையே நம்பியிருந்தன. 1999இல் என்விடியா வெளியிட்ட ஜீஃபோர்ஸ் 256 கார்டின் சில்லுமீது ஹீட்சிங்க், அதாவது பரப்பைக் கூட்டி வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும் உலோகத் தகட்டு வரிசை, அமர்ந்தது; அதன்மேல் சிறு விசிறி சுழன்றது. 2003இல் வந்த ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா, இரண்டு கார்டுகளின் இடத்தை அடைத்துக்கொண்டு காற்றைக் குறுகிய உறைக்குள் செலுத்தியது. கோபுர வாயிலில் காற்றை விரைவுபடுத்தும் அதே நெருக்கம் இங்கும் பயன்பட்டது. ஆயினும் அதன் இரைச்சல் பயனர்களை வெறுப்படையச் செய்தது.

இரைச்சலைப் பொறுத்துக்கொண்டும் கூடுதல் வேகத்தை நாடியவர்கள் ஓவர்கிளாக் செய்தனர். உற்பத்தியாளர் நிர்ணயித்த துடிப்பு வேகத்தை மீறிச் சில்லை இயக்குவதற்கு இப்பெயர். சில்லு இயங்குவதால் செலவாகும் மின்திறன் துடிப்பு வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் உயர்வதால், இரண்டையும் 10 விழுக்காடு கூட்டினால் வெப்பம் 33 விழுக்காடு கூடிவிடுகிறது. இங்கே சில்லைவிட அதிகம் தவிப்பது அதற்கு மின்சாரம் ஊட்டும் வி.ஆர்.எம். என்னும் மின்னழுத்தச் சீராக்கிப் பகுதியாகும். மின்வழங்கியிலிருந்து வரும் 12 வோல்ட் மின்சாரத்தைச் சில்லு தாங்கக்கூடிய ஏறத்தாழ 1 வோல்ட்டாகத் தணித்துக்கொடுக்கும் இப்பகுதி, பேரருவிக்குப் பொங்குமாங்கடல் செய்யும் பணியைச் சில்லுக்குச் செய்கிறது. ஆனால் அழுத்தம் தணியும்போது மின்னோட்டம் பெருகுகிறது: 300 வாட் என்பது 12 வோல்ட்டில் 25 ஆம்பியராக இருந்து 1 வோல்ட்டில் 300 ஆம்பியராகிறது. கடத்தியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதும் ஜூல் 1841இல் கண்ட விதியே என்பதால், வி.ஆர்.எம். சில்லை ஒட்டியே அமைக்கப்படுகிறது. அதன் செயல்திறன் 90 விழுக்காடாக இருந்தாலும் 30 வாட்டுக்குமேல் அந்தச் சிறு இடத்திலேயே வெப்பமாகிவிடுகிறது. மின்சாரத்தை நொடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடும் மாஸ்ஃபெட்டுகளின்மீது தெர்மல் பேட் என்னும் மெத்தென்ற வெப்பங்கடத்தும் பட்டையை ஒட்டி அவற்றை ஹீட்சிங்க்குடன் இணைக்காவிட்டால், சில்லு தணுப்பாக இருக்கும்போதே கார்டு பழுதாகிவிடக்கூடும். திரவ மின்பகுளி கொண்ட கெபாசிட்டர்களின் ஆயுளோ வெப்பம் 10 டிகிரி கூடுந்தோறும் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது.

காற்றை அடுத்து ஆவியாதல் வந்தது. அமெரிக்காவில் ரிச்சர்டு காக்லர் 1944இல் காப்புரிமை பெற்றதும், லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963இல் தனியே உருவாக்கிக் காட்டியதுமான வெப்பக்குழாய், உட்சுவரில் நுண்துளைப் பூச்சு கொண்ட, இருமுனையும் மூடிய செப்புக்குழாயாகக் கார்டுகளில் இடம்பெற்றது. அதனுள் அடைபட்ட சிறிதளவு நீர் சூடான முனையில் ஆவியாகி, தணுத்த முனையில் மீண்டும் நீராகி, அந்தப் பூச்சின் வழியே ஊறித் திரும்புகிறது; வெட்டிவேர்த் தட்டியில் ஆள் தெளித்த நீரை இங்கே இயற்கையே ஓயாமல் திருப்பித் தெளிக்கிறது. 2010இல் வந்த ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 580, அதே தத்துவத்தைத் தட்டையான ஆவியறையாக விரித்தது.

இறுதியில் ஓடும் நீர். ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி சூடாகும்போது வாங்கும் வெப்பம், ஒரு லிட்டர் காற்று வாங்குவதைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு. கார்டுகளுக்கு முன்பே, 1985இல் கிரே-2 என்னும் மீக்கணினி மின்கடத்தாத் திரவத்திலேயே மூழ்கி இயங்கியது. 2014இல் ஏஎம்டி தன் 500 வாட் கார்டான ரேடியான் ஆர்9 295எக்ஸ்2 மாதிரியை நீர்க்குளிர்விப்பானோடே விற்றது. தமிழகத்தில் இதன் பெரிய எடுத்துக்காட்டு திருச்சிராப்பள்ளி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட பரம் பொருள் மீக்கணினியாகும். நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகளைச் செய்யவல்ல அதன் செயலிக் கணுக்களுடன் கிராபிக்ஸ் செயலிக் கணுக்களும் உள்ளன. சூடாகும் பாகங்களை ஒட்டியே திரவத்தைச் செலுத்தும் முறையில் அது குளிர்விக்கப்படுகிறது.

2011இல் சோஹோ நிறுவனம் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியபின் கணினித்தொழில் இம்மலையடிவாரத்துக்கே வந்துவிட்டது. அறைக்காற்றைவிட 45 டிகிரி மிகுந்து நிற்கும் கார்டு, 25 டிகிரிக் காற்றில் 70இல் இருந்தால், சித்திரை மாதத்து 37 டிகிரியில் 82ஐத் தொடும். ஆகவே ஓவர்கிளாக்கின் அளவை ஆடியில் பார்த்து முடிவு செய்வது தவறாகும். சாரல் காலத்துக்கும் தனி ஆபத்துண்டு. காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையான பனிநிலை, அப்போது அறை வெப்பநிலையை நெருங்கி நிற்பதால், பனிக்கட்டியோ சில்லர் என்னும் குளிரூட்டும் கருவியோ கொண்டு நீரை அறையைவிடச் சற்றே குளிர்வித்தாலும் குழாய்கள் வியர்த்து, மின்பலகையில் துளி விழுந்து, மின்கசிவு உண்டாகும். அறை வெப்பநிலைக்குக் கீழே போகாத சாதாரண நீர்க்குளிர்விப்புக்கு இந்த அச்சம் இல்லை.

கார்டிலிருந்து அகற்றிய வெப்பம் அறையைச் சேர்கிறது. அறையை ஏசி தணித்தால், அதற்கும் மின்சாரம் செலவழிந்து, கூடுதல் வெப்பம் வெளியே சேர்கிறது. சங்கிலியின் கடைசிக் கண்ணி எப்போதும் ஊரின் காற்றும் நீருமே. தென்காசியில் அவ்விரண்டையும் தணுப்பாக வைத்திருப்பது கணவாயின் பருவக்காற்றும் சிற்றாற்றைப் பெற்றெடுக்கும் மலைக்காடுமாகும். எனவே இயந்திரங்களைக் குளிர்விக்கும் தொழில் இங்கே வளரவேண்டுமானால், காட்டையும் ஆற்றையும் காப்பதை அத்தொழிலின் தொழில்நுட்பத் தேவைகளுள் முதலாவதாகக் கொள்வதே முறை.